ஊர் மாறினால் உரிமம் மாறுமா?

மே மாதத்தின் கடைசி வாரம். திருச்சிராப்பள்ளியிலுள்ள நம் கிளையொன்றுக்கு வாடிக்கையாளர் ஒருவர் தம் சேமிப்புக் கணக்கை மூட வந்திருந்தார். கணவருக்கு நாக்பூருக்கு மாற்றலாகியிருந்தது. பிள்ளையின் மாற்றுச் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது; எரிவாயு இணைப்பை ஒப்படைத்தாயிற்று; வீட்டுச் சாமான்கள் மறுநாள் லாரியில் ஏறவிருந்தன. எஞ்சியிருந்தவை இரண்டே வேலைகள். ஒன்று, வங்கிக் கணக்கை முடிப்பது. மற்றொன்று, பதினொரு ஆண்டுகளாகத் தாம் வகித்துவந்த ஆயுள் காப்பீட்டு முகவாண்மையை ஒப்படைப்பது. அதற்கான கடிதம் கையொப்பமிடப்பட்டு அவருடைய கைப்பையில் தயாராக இருந்தது.

“தமிழ்நாட்டில் வாங்கிய உரிமம் மகாராஷ்டிரத்தில் செல்லாதாமே! அங்கே போய்ப் புதிதாகத் தேர்வெழுதித்தான் வாங்க வேண்டுமாம்” என்றார் அவர். யார் சொன்னது என்று கேட்டபோது, “எல்லோரும்தான் சொல்கிறார்கள்” என்பதே விடையாக இருந்தது.

வாகனத்தின் பதிவெண், குடும்ப அட்டை, பிள்ளையின் பாடத்திட்டம் என மாநில எல்லையைக் கடந்தால் மாறுபவை பல உள்ளன. ஆகவே காப்பீட்டு முகவரின் உரிமமும் மாறும் என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் அந்த அம்மையார் செய்ய வந்த இரண்டு வேலைகளுமே அவர் செய்ய வேண்டாதவை. செய்திருந்தால் இழப்பு அவரோடு நின்றிருக்காது. அவரை நம்பிப் பாலிசி எடுத்த ஏறத்தாழ இருநூறு குடும்பங்களையும் அது தொட்டிருக்கும். வேலை நிமித்தமாக மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் வாடிக்கையாளர்களும், தங்கள் முகவர் ஊர் மாறிச் சென்றுவிட்ட பாலிசிதாரர்களும் அறிந்திருக்க வேண்டியவற்றை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

மாநிலப் பட்டியலில் இல்லாத தொழில்

நம் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, எந்தத் துறையில் யார் சட்டம் இயற்றலாம் என்பதை வகுத்துத் தருகிறது. அதன் ஒன்றியப் பட்டியலில் 45ஆவது பதிவு வங்கித் தொழில்; 47ஆவது பதிவு காப்பீடு. வங்கியும் காப்பீடும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களைப் போல அமர்ந்திருக்கின்றன. நம் காசோலை எந்த மாநிலத்திலும் செல்லுபடியாவதற்கும், நம் பாலிசி எந்த மாநிலத்திலும் உயிரோடிருப்பதற்கும் அடிப்படைக் காரணம் ஒன்றே: இரண்டுக்கும் நாடு முழுமைக்குமான சட்டமே உண்டு.

1956ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள், அதுவரை தனித்தனியே இயங்கிய 245 காப்பீட்டு நிறுவனங்களையும் சேமநலச் சங்கங்களையும் ஒன்றிணைத்து ஆயுள் காப்பீட்டுக் கழகம் தோற்றுவிக்கப்பட்டது. 1973ஆம் ஆண்டு பொதுக் காப்பீட்டுத் துறையும் அரசுடைமையாகி, கொல்கத்தா, மும்பை, தில்லி, சென்னை ஆகிய நகரங்களைத் தலைமையிடங்களாகக் கொண்ட நான்கு நிறுவனங்களாக உருப்பெற்றது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் அமைந்தது. இன்று ஹைதராபாதிலிருந்து இயங்கும் அவ்வாணையமே காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை இத்தொழிலுக்கு விதி வகுக்கிறது. மாநில அளவில் உரிமம் வழங்கும் அலுவலகம் என்று எதுவும் கிடையாது. ஆகவே ‘தமிழ்நாட்டு உரிமம்’, ‘மகாராஷ்டிர உரிமம்’ என்ற பிரிவினையும் கிடையாது.

உரிமம் என்பது இன்று நியமனம்

முகவர்கள் பலரும் இன்றும் ‘லைசென்ஸ்’ என்றே சொல்கிறார்கள். பழக்கத்தில் அச்சொல் நிலைத்துவிட்டது. சட்டத்தில் நிலைமை மாறிவிட்டது. முன்பு 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 42ஆவது பிரிவின்கீழ் முகவருக்கு உரிமம் வழங்கப்பட்டது. மூன்றாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். 2015ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அம்முறையை மாற்றி, முகவரை நியமிக்கும் பொறுப்பைக் காப்பீட்டு நிறுவனத்திடமே ஒப்படைத்தது. அதையொட்டி ஆணையம் வகுத்த முகவர் நியமன விதிகள் 2016 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன.

அவ்விதிகளின்படி ஒருவர் ஒரு நேரத்தில் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம், ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனம், ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஆகியவற்றுக்கு முகவராகலாம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், முகவர் தேர்வில் வெற்றியும் வேண்டும். தேர்வைத் தமிழிலும் எழுதலாம். தேர்ச்சி பெற்றவருக்கு நிறுவனம் நியமனக் கடிதமும் அடையாள அட்டையும் வழங்குகிறது.

இந்த நியமனம் ஒருவருக்கும் ஒரு நிறுவனத்துக்கும் இடையிலான உறவு. அதில் மாநிலத்துக்கு இடமில்லை. திருச்சியில் நியமனம் பெற்றவர் நாக்பூரில் ஒருவருக்குப் பாலிசி எடுத்துத் தரலாம். நாக்பூரில் குடியிருந்தபடியே திருச்சிப் பாலிசிதாரர்களுக்குச் சேவையும் செய்யலாம். புதுத் தேர்வு இல்லை. புது விண்ணப்பம் இல்லை. வேண்டியதெல்லாம் முகவரி மாற்றத்தை நிறுவனத்துக்கு எழுத்து வடிவில் தெரிவிப்பதுதான். முகவரின் கணக்கை அதே நிறுவனத்தின் புதிய ஊர்க் கிளைக்கு மாற்றிக்கொள்ள முடியுமா, பழைய கிளையிலேயே தொடர வேண்டுமா என்பது அந்தந்த நிறுவனத்தின் உள்விதியைப் பொறுத்தது. அதையும் கடிதத்தில் கேட்டு, விடையை எழுத்திலேயே பெற்றுக்கொள்வது நலம்.

கடிதத்தைக் கொடுத்திருந்தால்?

கைப்பையிலிருந்த அந்தக் கடிதம் கிளை மேலாளர் கையில் சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

நியமனத்தை ஒப்படைக்கும் முகவர் தம் நியமனக் கடிதத்தையும் அடையாள அட்டையையும் திருப்பித் தர வேண்டும். நிறுவனம் 15 நாளுக்குள் முகவாண்மை முடிவுச் சான்றிதழ் வழங்கும். அவர் பின்னர் வேறொரு நிறுவனத்தில் சேர விரும்பினால், தம் பழைய முகவாண்மை விவரங்களையும் அச்சான்றிதழையும் அளிக்க வேண்டும். சான்றிதழ் வழங்கப்பட்ட நாளிலிருந்து 90 நாள் கடந்த பிறகே புதிய நிறுவனம் அவருடைய விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும். இடைப்பட்ட காலத்தில் அந்த வகைக் காப்பீட்டில் அவர் யாருக்கும் பாலிசி எடுத்துத் தர இயலாது.

பதினொரு ஆண்டு உழைப்பில் சேர்ந்த புதுப்பிப்புக் கமிஷன் என்னாகும் என்பது இன்னும் பெரிய கேள்வி. முகவர் தாமாக விலகிய பின் அது தொடருமா, எந்த அளவில் தொடரும் என்பதை நிறுவனத்தின் விதிகளே முடிவு செய்யும். அவ்விதிகளைப் படிக்காமல் விலகல் கடிதத்தில் கையொப்பமிடுவது, பத்திரத்தைப் படிக்காமல் நிலத்தை விற்பதற்கு ஒப்பாகும். நிறுவனம் மாற வேண்டும் என்று தெளிந்து முடிவெடுத்தவருக்கு இந்த ஏற்பாடு பொருந்தும். ஊர் மட்டும் மாறுகிறவருக்கு இதில் நுழையவே தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நியமனம் தானாகவே என்றென்றும் நீடித்துவிடும் என்று இருந்துவிடவும் கூடாது. முகவரிடம் ஆண்டுதோறும் குறைந்தபட்ச வணிகத்தை எதிர்பார்க்கும் நிறுவனங்கள் உண்டு. புதிய ஊரில் காலூன்றும் வரை அந்த எதிர்பார்ப்பை எப்படி நிறைவு செய்வது என்பதைப் புறப்படும் முன்பே கிளை மேலாளரிடமோ வளர்ச்சி அதிகாரியிடமோ பேசிவிட வேண்டும்.

அமெரிக்காவில் கதை வேறு

அயல்நாட்டில் பிள்ளைகள் வாழும் வாடிக்கையாளர்கள் நம்மிடையே பலர். நியூ ஜெர்சியிலோ டெக்சஸிலோ காப்பீட்டு முகவராகப் பணிபுரியும் மகனோ மகளோ, “மாநிலம் மாறினால் உரிமத்தையும் மாற்ற வேண்டும்” என்று சொல்லக் கேட்டிருக்கலாம். அவர்கள் சொல்வது அந்நாட்டுக்குச் சரி. நம் ஊரில் நிலவும் குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்பதால் அதையும் விளக்கிவிடுகிறோம்.

அமெரிக்கச் சட்டம் காப்பீட்டு முகவரை ‘இன்சூரன்ஸ் புரொடியூசர்’ என்று அழைக்கிறது. நமக்கு அச்சொல்லால் திரைப்படத் தயாரிப்பாளர்தான் நினைவுக்கு வருவார். அங்கே அது பாலிசியை விற்பவரைக் குறிக்கும். அவருக்கு உரிமம் வழங்குவது மாநில அரசின் காப்பீட்டுத் துறை. இந்நிலைக்கு வித்திட்டதே ஒரு முகவரின் உரிமத்தைப் பற்றிய வழக்குதான். வர்ஜீனியா மாநிலத்தில் நியூ யார்க் நிறுவனங்களுக்கு முகவராக இருந்த சாமுவேல் பால் என்பவர், அம்மாநிலம் கேட்ட பிணைத்தொகை செலுத்தப்படாமையால் உரிமம் மறுக்கப்பட்டும் பாலிசி விற்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. காப்பீடு என்பது மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் ஆகாது என்று 1869இல் தீர்ப்பு வந்தது. 1944இல் அதே நீதிமன்றம் தன் கருத்தை மாற்றிக்கொண்டது. ஆனால் மறு ஆண்டே, 1945இல், அந்நாட்டு நாடாளுமன்றம் மெக்காரன்–பெர்குசன் சட்டத்தின் மூலம் காப்பீட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மாநிலங்களிடமே விட்டுவைத்தது.

ஐம்பது மாநிலங்களில் ஐம்பது வகை நடைமுறைகள் இருந்தால் முகவர் என்ன செய்வார்? இந்தத் துன்பத்தைக் குறைக்க 1999ஆம் ஆண்டுச் சட்டமொன்று மாநிலங்களை நெருக்கியது. காப்பீட்டு ஆணையர்களின் தேசியச் சங்கம் 2000ஆம் ஆண்டில் ஒரு மாதிரிச் சட்டத்தை வகுத்தளித்தது. சிற்சில வேறுபாடுகளோடு மாநிலங்கள் அதைப் பின்பற்றுகின்றன. அம்மாதிரிச் சட்டத்தின்படி, குடிபெயரும் முகவர் 30 நாளுக்குள் தம் முகவரி மாற்றத்தைப் பழைய மாநிலத்துக்குத் தெரிவிக்க வேண்டும். புதிய மாநிலத்தில் குடியேறிய 90 நாளுக்குள் ‘உள்ளூர்வாசி’ என்ற தகுதியில் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பழைய உரிமம் நல்ல நிலையில் இருந்து, கெடு தவறாமல் விண்ணப்பித்தால், பொதுவாகப் பயிற்சியும் தேர்வும் மீண்டும் தேவைப்படா. கெடு தவறினால் முதலிலிருந்து தொடங்க நேரிடலாம். ஒவ்வொரு முகவருக்கும் தேசிய அளவிலான அடையாள எண் ஒன்று உண்டு. மாநிலம் மாறினாலும் அவ்வெண் மாறுவதில்லை.

இரண்டு நாட்டு விதிகளிலும் 90 நாள் என்ற எண் வருவதைக் கவனித்திருப்பீர்கள். அங்கே அது விரைந்து செயல்பட வேண்டிய கெடு. இங்கே அது, நிறுவனம் மாறுகிறவர் பொறுத்திருக்க வேண்டிய காலம். அங்கே பொருந்தும் அறிவுரையை இங்கே கடைப்பிடித்தால், தேவையில்லாத காத்திருப்பை நாமே வரவழைத்துக்கொண்டவர்கள் ஆவோம்.

உங்கள் முகவர் ஊர் மாறிவிட்டாரா?

இனிப் பாலிசிதாரரின் பக்கத்தைப் பார்ப்போம். பாலிசி என்பது நமக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். முகவர் சென்றுவிட்டார் என்பதால் அதன் வலிமை சிறிதும் குறைவதில்லை. எனினும் பிரீமியத்தை நினைவூட்டியவர், நியமனதாரர் பெயரைச் சேர்க்கச் சொன்னவர், படிவத்தை நிரப்பித் தந்தவர் அவரே. அவர் விட்டுச் செல்லும் இடத்தை நாமே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

முதலாவதாக, அவருடைய புதிய தொலைபேசி எண்ணையும், அவர் முகவராகத் தொடர்கிறாரா என்பதையும் கேட்டறியுங்கள். தொடரவில்லை எனில் வேறொருவரைப் பணித்துத் தருமாறு நிறுவனத்தின் கிளையில் எழுதிக் கொடுங்கள்.

இரண்டாவதாக, புதிதாக வருபவர் “பழைய பாலிசியை முடித்துவிடுங்கள், இதைவிட நல்லது தருகிறேன்” என்றால் நிதானம் வேண்டும். பழைய பாலிசியைக் கைவிடச் செய்து தம்மிடம் புதிய பாலிசி எடுக்கும்படி வற்புறுத்துவதை முகவர்களுக்கான நடத்தை விதிகள் தடுக்கின்றன. நியமனக் கடிதத்தையும் அடையாள அட்டையையும் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. அவருடைய பான் எண்ணைக் கொண்டு ஆணையத்தின் முகவர் தகவல் தளத்திலும் சரிபார்க்கலாம்.

மூன்றாவதாக, குறை ஏதேனும் இருந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் விடை வராவிட்டாலோ, வந்த விடை நிறைவளிக்காவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை ஓராண்டுக்குள் அணுகலாம். நாட்டின் பல நகரங்களில் அவருக்கு அலுவலகங்கள் உள்ளன. கட்டணம் இல்லை. நீங்கள் இப்போது வசிக்கும் ஊர் எந்த அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்கேயே முறையிடலாம். பாலிசி எடுத்த ஊருக்குத் திரும்பிச் செல்ல வேண்டியதில்லை.

மூடக் கூடாத கணக்கு

அந்த அம்மையார் செய்ய வந்த மற்ற வேலையை நாங்கள் மறக்கவில்லை. ஊர் மாறும்போது பழைய வங்கிக் கணக்கை மூடிவிட்டுப் புதிய ஊரில் புதுக் கணக்குத் தொடங்குவது பலருடைய வழக்கம். காப்பீட்டைப் பொறுத்தவரை இதுவே மிகுந்த இடரைத் தருவது.

பிரீமியத்துக்கான தானியங்கிப் பற்று ஆணை பழைய கணக்கின்மீது இருக்கிறது. கணக்கு மூடப்பட்டதும் அடுத்த தவணை செல்லாது. அறிவிப்புக் கடிதமோ பழைய முகவரிக்குப் போகிறது. ஆயுள் காப்பீட்டில் சலுகைக் காலம், மாதத் தவணைக்கு 15 நாள். மற்றவற்றுக்கு 30 நாள். அக்காலமும் கடந்தால் பாலிசி காலாவதியாகிறது. சந்தையுடன் இணைக்கப்படாத பாலிசியைச் செலுத்தாத முதல் தவணையிலிருந்து ஐந்தாண்டுக்குள் புதுப்பிக்க வழியுண்டு. ஆனால் இடைப்பட்ட நாளில் மரணம் நேர்ந்தால் முழுத்தொகை கிடைப்பது அரிது. குடும்பத்தார் பாலிசி இருப்பதாகவே நம்பிக்கொண்டிருப்பார்கள்.

இதைவிட எளிதில் கண்ணுக்குத் தப்புவது, கணக்கோடு பிணைந்த காப்பீடு. ஆண்டுக்கு 436 ரூபாயில் 2 இலட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு தரும் பிரதம மந்திரி ஜீவன் ஜோதி திட்டமும், 20 ரூபாயில் 2 இலட்சம் ரூபாய் வரை விபத்துக் காப்பீடு தரும் சுரக்ஷா திட்டமும் நம் வாடிக்கையாளர் பலரிடம் உள்ளன. இரண்டின் காப்புக்காலமும் ஜூன் 1 முதல் மே 31 வரை. கணக்கை மூடினால் காப்பும் முடிந்துவிடும். ஜீவன் ஜோதியில் புதிதாகச் சேர்கிறவருக்கு, விபத்து மரணம் நீங்கலாக, முதல் 30 நாள் காப்பு இல்லை. அவ்வம்மையார் வந்திருந்தது மே மாதக் கடைசி வாரம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். புதுப்பிப்புத் தொகை பற்று வைக்கப்படும் நேரத்தில் அவர் கணக்கை மூட இருந்தார்.

ஆகவே கணக்கை மூட வேண்டாம், கிளையை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு கிளையில் செய்த வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு, அதே வங்கியின் எல்லாக் கிளைகளுக்கும் பொருந்தும். ஐ.எஃப்.எஸ். குறியீடு மாறுமாதலால், பற்று ஆணைகள் தடையின்றி நடைபெறுகின்றனவா என்பதை முதல் இரு மாதங்கள் மட்டும் கவனித்து வாருங்கள்.

புறப்படும் முன் ஒரு முறை

முகவராக இருப்பவர்கள்: விலகல் கடிதம் வேண்டாம், முகவரி மாற்றக் கடிதம் போதும். பாலிசிதாரர்களின் பெயர், பாலிசி எண், தவணை நாள் அடங்கிய பட்டியலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஊர் மாறும் செய்தியை ஒவ்வொருவருக்கும் நீங்களே சொல்லுங்கள்.

பாலிசிதாரர்கள்: புதிய முகவரியையும் கைப்பேசி எண்ணையும் நிறுவனத்திலும் வங்கியிலும் ஒரே வாரத்தில் பதிவு செய்யுங்கள். சேவைக் கிளையைப் புதிய ஊருக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். நியமனதாரரின் பெயரும் முகவரியும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். மருத்துவக் காப்பீடு எனில், சில பாலிசிகளில் நகரத்தைப் பொறுத்துப் பிரீமியமும் சிகிச்சைச் செலவில் நம் பங்கும் மாறுவதுண்டு. பெருநகருக்குச் செல்வோர் அதை முன்னதாகவே விசாரித்துக்கொள்ள வேண்டும். பாலிசிப் பத்திரங்களை லாரியில் ஏற்றாதீர்கள், கைப்பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவ்வம்மையார் கணக்கை மூடவில்லை. கடிதத்தையும் கொடுக்கவில்லை. நாக்பூரில் முதல் ஆறு மாதம் தமக்குப் புதிதாக ஒரு பாலிசியும் அமையவில்லை என்று பின்னர் எழுதியிருந்தார். மராத்தியும் இந்தியும் கைவராத ஊரில், சட்டம் அனுமதித்தது என்பதற்காக மட்டும் மக்கள் நம்பிவிடுவதில்லை. பழகப் பழகத்தான் நம்புகிறார்கள். சட்டத்துக்கு மாநில எல்லை இல்லை. நம்பிக்கைக்குத் தெருவளவில் கூட எல்லை உண்டு.

ஆனால் அதே கடிதத்தில் வேறொரு செய்தியும் இருந்தது. அவர் ஊரைவிட்டுச் சென்ற நான்காம் மாதம், திருச்சியில் அவருடைய பாலிசிதாரர் ஒருவர் காலமானார். இரு சிறு பிள்ளைகளோடு நின்ற மனைவிக்குப் பாலிசி எந்தக் கிளையில் இருக்கிறது என்பதுகூடத் தெரியாது. அவர் அறிந்திருந்தது ஒரே ஒரு தொலைபேசி எண். அந்த எண்ணுக்கு அழைத்தார். எந்தப் பீரோவில் பத்திரம் இருக்கும், எந்தப் படிவம் வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று நாக்பூரிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லப்பட்டது. உரிமைத்தொகை உரிய காலத்தில் அப்பெண்மணியின் கணக்குக்கு வந்து சேர்ந்தது.

“அன்று அந்தக் கடிதத்தைக் கொடுத்திருந்தால் எண்ணையும் மாற்றியிருப்பேன்” என்று அவர் எழுதியிருந்தார். ஊர் மாறுவோர் அனைவரும் இந்த ஒரு வரியை நினைவில் கொள்ளுமாறு வேண்டுகிறோம். ஐயம் ஏதேனும் எழுந்தால், கையொப்பமிடும் முன் உங்கள் கிளைக்கு ஒரு முறை வாருங்கள்.